அன்று அடித்தது மணிதான்

மைக் செட் சவரிமுத்து மாமா இறந்த செய்தி நம் ஊருக்கு முறையாகத்தான் வந்தது. காலையில் பால் ஊற்றிவிட்டுப் போகிற நேரம். மாதா கோயில் மணி ஒருமுறை அடித்து நின்றது. நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி. யாராவது இறந்தால் மட்டும்தான் நம் கோயிலில் அப்படி அடிப்பார்கள். அதைக் கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, "யாருங்க?" என்று கேட்போம். அன்று ஒருவரும் தெருவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவே இல்லை. "ஆரம்பிச்சிட்டாரு மவராசன்" என்றார். பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். நான் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடித்தது மணி இல்லை, மாமாவின் கேசட் என்று ஊரே நினைத்தது. ஏன் அப்படி நினைத்தோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் நம் இளையோர் மன்றத்தின் இந்தக் கையெழுத்து இதழ் மொரப்பூர், தருமபுரி என்று வெளியூர்களுக்கும் போகிறது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மாமாவின் முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். முயல்கிறேன். மாமாதான் ஒத்துழைக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது அவர் எதற்கும் ஒத்துழைத்ததில்லை.

சவரிமுத்து மாமா எனக்கு உறவில்லை. எங்கள் தெருவில் அப்பா வயது ஆண்கள் பாதிப் பேர் எனக்கு மாமாதான். அவரிடம் ஓர் ஆம்ப்ளிஃபையரும் ஒரு கேசட் பெட்டியும் நான்கு குழாய்களும் இருந்தன. மரத்தின் மேல் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியைத்தான் நாம் குழாய் என்கிறோம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, நம் கோயில் தேர் எல்லாவற்றுக்கும் அவருடைய செட். சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. வந்ததும் எந்த மரத்தில் குழாய் கட்டுவது என்று வீட்டுக்காரரோடு சண்டை. முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துக் கேசட் நாடா சிக்கும். சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, இடது கையால் பென்சிலை விட்டுச் சுற்றுவார். மணமேடையில் ஐயர் ஒரு பக்கம் காத்திருப்பார், நாதஸ்வரக்காரர் ஒரு பக்கம் காத்திருப்பார். அரூரில் இதைவிட நல்ல செட் இருந்தது. இருந்தும் அடுத்த கல்யாணத்துக்கும் இவரைத்தான் கூப்பிடுவோம். நம் ஊரின் இந்தக் குணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரோடு கூடவே வந்த இன்னொரு தொல்லை, வெள்ளைக்காரர்களின் ஒரு ஹார்ட் ராக் குழு. சிறு வயதில் அவர் கோலார் தங்கவயலில் அக்கா வீட்டில் தங்கி ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் அந்தக் குழுவின் இசைத்தட்டு ஓடுமாம். சுவர் வழியாகக் கேட்டே ஆள் விழுந்துவிட்டார். குழுவின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "நம்ம பசங்க" என்பார். என்னவோ அந்த ஐந்து பேரும் நம் ஏரிக்கரையில் ஆடு மேய்த்துவிட்டுப் போனவர்கள் போல.

அவர்களுடைய பழைய பாட்டுகளால் நமக்குத் தொந்தரவு இருந்ததில்லை. வேகமான, குதிக்கிற பாட்டுகள். பாடகர் குரலை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கத்துவார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில், பெரியவர்கள் வெற்றிலை போட உட்காரும்போது, மாமா ஒரு பாட்டைச் சொருகிவிடுவார். பிள்ளைகள் எல்லோரும் பந்தலில் ஆடுவோம். நானும் ஆடியிருக்கிறேன். "என்னடா இது பேய் புடிச்ச பாட்டு" என்று யாராவது சொல்வதற்குள் பாட்டு முடிந்து சினிமாப் பாட்டு வந்துவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தங்கவயலில் இருந்து அவருடைய அக்கா மகன் அந்தக் குழுவின் புதிய கேசட்டைக் கொடுத்தனுப்பினான். குழுவுக்குள் பெரிய சண்டை நடந்து, ஒருவர் இறந்தும் போய், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து, பல வருடம் கழித்து அவர்கள் வெளியிட்ட கேசட். அட்டையில் ஐந்து பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முகத்தைக் காட்டக்கூட அவர்களுக்கு மனமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். பாட்டுகள் எல்லாம் மெதுவாக, இருட்டாக, கல் உருட்டுவது போலக் கனமாக இருந்தன. உயரத்தில் கத்திய பாடகர் இப்போது அடித்தொண்டையில் முணுமுணுத்தார்.

இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதல் நாள் மாமாவுக்கே அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கப்படாத சம்பந்தி மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பசங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு பாப்பா. காசு குடுத்து அழுவ வெக்கறானுங்க" என்றார்.

"பிடிக்கலன்னா விட்டுடுங்க மாமா. பழசையே போடுங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சரியான யோசனை அது.

அவர் விடவில்லை. பிடிக்காத பாட்டை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? அவர் கேட்டார். மழைக்காலம் முழுக்கக் கேட்டார். ஏரி நிரம்பியபோது என்னிடம் வந்து, "பழைய பாட்டெல்லாம் சும்மா பாப்பா. சந்தோசமா இருக்கறப்ப எவன் வேணா கத்துவான். இப்பத்தான் பசங்க நெசமா பாடறானுங்க" என்றார். அவருடைய மனைவி லூர்து அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே, "கேட்டுக்க. நாலு மாசமா எனக்குச் சோறு எறங்கல, அவருக்கு நெசம் எறங்குதாம்" என்றார்.

அவர் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவரை அது லூர்து அத்தையின் கஷ்டம் மட்டும்தான். அந்தக் கேசட்டை வைத்துக் குழாய்களைச் சோதிக்கத் தொடங்கியபோது ஊரின் கஷ்டம் ஆனது.

முதல் பாட்டு எப்படித் தொடங்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கிடாரின் தடித்த தந்தியில் ஒரே ஓர் அடி. பிறகு ஒன்றுமே இல்லை. கேசட் நின்றுவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மௌனம். பிறகு இன்னோர் அடி. இப்படியே வெகுநேரம் போகும். அதன் பிறகுதான் மற்ற வாத்தியங்களும் குரலும் வரும். வீட்டுப் பெட்டியில் கேட்டால் அது கிடார் என்று தெரியும். குழாய்க்கு அடித்தொனி வராது. கனமெல்லாம் உள்ளேயே தங்கிவிட, மேலே இருக்கிற ‘டங்’ மட்டும் வெளியே வரும். அதன் பின்னாலேயே ஒரு சின்ன நடுக்கம். நம் கோயில் மணியில் பல வருடமாக விரிசல். அதுவும் ‘டங்’ என்று அடித்துவிட்டு நடுங்கும்.

அந்த வருடம் திருவிழாவுக்குக் கோயில் ஆலமரத்தில் குழாய்களைக் கட்டிவிட்டு, விடியற்காலையில் மாமா கேசட்டைப் போட்டார். ஊரே எழுந்து ஓடிவந்தது. மேலத்தெரு சின்னப்பன் தாத்தா அப்போது பல மாதமாகப் படுக்கையில் இருந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய மருமகள் தெருவில் தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டதும் குடத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ மாமா, எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வீட்டு வாசலில் சின்னப்பன் தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி கேட்டு அவரும் எழுந்து வந்திருந்தார்.

"யாரும்மா போயிட்டாங்க?" என்று அவர் கேட்டார்.

மருமகளின் முகத்தைப் பார்த்தே தாத்தாவுக்கு விளங்கிவிட்டது. அன்று அவருக்கு வந்த கோபத்தில் நோய் பாதி குறைந்துவிட்டது. தடியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டார். "டேய் சவரி! ஒன்ன மண்ணுல போட்டுட்டுத்தான்டா நான் போவேன்" என்று ஆலமரத்தடியில் நின்று கத்தினார். மாமா கிளையில் இருந்தபடியே, "சரிங்க தாத்தா. ஒடம்ப நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்பு அதே பாட்டு, அதே அடி. முதலில் ஓடிவந்தவர்கள் பிறகு வாசல்வரை வந்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் இல்லை. நான் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"மத்தவங்க மாதிரி ஹலோ மைக் டெஸ்டிங் சொன்னா என்ன மாமா?"

"அது என் தொண்டையத்தான் டெஸ்டு பண்ணும். கொழாய யாரு டெஸ்டு பண்றது?"

"சினிமாப் பாட்டுப் போடுங்க."

"சினிமாப் பாட்டுல அல்லா வாத்தியமும் ஒண்ணா ஓடும். கொழா ஒடஞ்சிருந்தாலும் தெரியாது. இது ஒரு அடி, அப்பறம் கம்முனு இருக்கும். அதுல எல்லாம் தெரிஞ்சிடும். சத்தம் எவன் வேணா குடுப்பான் பாப்பா. சத்தம் நின்னப்பறம் என்னா கேக்குதுன்னு பாரு."

பார்த்தேன், அதாவது கேட்டேன். முதல் அடி நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக ஒரு ஈயின் சத்தம் மாதிரி இரைச்சல். "கேக்குதா? ரெண்டாவது கொழாயில ஒயரு தளர்ந்திருக்குது" என்று மரத்தில் ஏறினார். சொன்னது சரிதான். அதற்காக ஒரு ஊரைச் சாவு பயத்தில் வைக்கலாமா? இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் மரத்தில் ஏறிவிட்டார்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவருடைய பார்வை என்மேல் விழுந்தது. கேசட் அட்டையின் உள்பக்கம் பாட்டுகளின் வரிகள் எறும்பு அளவு எழுத்தில் அச்சாகியிருந்தன. "நீதான் இங்கிலீசு புத்தகமெல்லாம் படிக்கிறியே, இதுல என்னா சொல்றானுங்கன்னு பாத்துச் சொல்லு" என்று கொடுத்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். பள்ளி நூலகத்தில் இருந்து அகராதியை வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

"முதல் பாட்டுல ஒருத்தர் தான் முன்னாடி இருந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுறாரு மாமா" என்றேன்.

"அப்பறம்?"

"யாரும் திறக்கல."

"உள்ள ஆளு இருக்குதா இல்லியா?"

"இருக்காங்க. பேச்சுச் சத்தம் கேக்குதாம். ஆனா திறக்கல."

"அப்பறம் என்னா பண்றான்?"

"தட்டுறாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா. கடைசி வரைக்கும் தட்டுறாரு. நாலு பக்கம் அகராதி பாத்தேன் இதுக்கு."

மாமாவுக்கு அப்படியொரு சந்தோஷம். தொடையில் தட்டினார். "அதான பாத்தேன்! அந்த அடிதான் கதவு தட்டறது!" என்றார். பிறகு நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வீடுன்னு எழுதாத. வூடுன்னு எழுது. வீடுன்னா ஆபீசரு வூடு மாதிரி இருக்குது" என்றார். எழுத்துத் தமிழில் அப்படி எழுதக் கூடாது என்று நான் அரைமணி நேரம் வாதாடினேன். அவர் பென்சிலை வாங்கி எல்லா இடத்திலும் தானே திருத்திக்கொண்டார். அதன் பிறகு மற்றப் பாட்டுகளுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளியின் சேவை முகாம் சித்தேரி மலையில் நடந்தது. மைக் செட் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸின் கூரையில் குழாய்களைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மெதுவாப் போப்பா, மேல என் கொழந்தைங்க இருக்குது" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். தொடக்க விழாவுக்கு அதிகாரி வரத் தாமதமானது. சும்மா இருப்பாரா? முதல் பாட்டைப் போட்டுவிட்டார். எங்கள் ஆசிரியை என்னைத்தான் முறைத்தார், அவரை நான் கூட்டி வந்தது போல. மலை அங்கே அந்த அடியை வாங்கித் திருப்பி அனுப்பியது. இடைவெளியிலும் ஓர் அடி கேட்டது.

சாமை காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து அவர் அருகில் குந்தினார்.

"இது சாவுப் பாட்டாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"யாரு செத்தாங்க?"

"தெரியலீங்க. அதத்தான் கேசட்டு முழுக்கத் தேடறானுங்க."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. கெடச்சாச் சொல்லு" என்று கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். மாமா அதன் பிறகு ஒரு மாதம் இந்தக் கதையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். "சித்தேரியில போயிப் பாரு, அங்கதான் மனுசங்க இருக்காங்க" என்று நம்மை மட்டம் தட்டுவதற்கு அது அவருக்கு வசதியாக இருந்தது.

போன வருடம் திருவிழாவுக்கு முன்பு ஊரின் பொறுமை தீர்ந்தது. கோயில் பங்குப்பேரவை கூடியது. இனி ஒருமுறை அந்தப் பாட்டு குழாயில் கேட்டால், திருவிழாவுக்கு அரூர் செட்தான் என்று முடிவானது. மாமாவைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டோம்.

உங்களுக்குத் தெரியும், நம் கோயில் திருவிழாதான் அவருக்கு உயிர். மற்ற விசேஷங்களுக்குச் சட்டைப் பட்டன்கூடப் போடாமல் வருபவர், தேர் அன்று வெள்ளை வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்து, ஆம்ப்ளிஃபையருக்கு மாலை போட்டு நிற்பார். அந்தத் திருவிழா கையை விட்டுப் போகும் என்றதும் முதல்முறையாக அவர் வாதாடாமல் நின்றார்.

"பாட்டு தப்பில்ல சவரி. ஆனா சாவு மணிக்கு ஒரு மதிப்பு இருக்குதில்ல? நாளைக்கு நெசமாவே மணி அடிச்சா யாரு வருவா?" என்று பங்குத்தந்தை கேட்டார்.

மாமா சட்டைப் பையில் இருந்து கேசட்டை எடுத்தார். "இனிமே கொழாயில போட மாட்டங்க சாமி. வூட்லயும் வேணாம். இருந்தாக் கை அரிக்கும். யாராச்சும் வாங்கி வெச்சுக்கங்க" என்றார். யாரும் கை நீட்டவில்லை. சின்னப்பன் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கிட்ட குடு. என் தலகாணிக்குக் கீழ இருக்கட்டும். நான் இருக்கற வரைக்கும் அது வெளிய வராது."

"வேற கேசட்டு வாங்கிட்டா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"வாங்க மாட்டங்க" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். பிறகு தாத்தாவிடம், "வெயில் படாம வெச்சுக்கங்க. நாடா சுருங்கிடும்" என்றார்.

அந்தத் திருவிழாவில் அவர் "ஹலோ மைக் டெஸ்டிங்" சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குடிக்க விருப்பமில்லாத கஷாயத்தைக் குடிப்பவர் மாதிரி சொன்னார். அதன் பிறகு மாரியம்மன் பண்டிகை, ஆவணிக் கல்யாணங்கள், கிறிஸ்துமஸ் எல்லாம் போயின. ஒருமுறைகூட அந்த அடி கேட்கவில்லை. நாம் அதைக் கவனித்தோமா என்றால், இல்லை. தொல்லை இருந்தால்தான் நாம் கவனிப்போம்.

இனி அன்றைய காலை. முந்தைய நாள் வத்தல்மலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மாமா அதிகாலையில்தான் வீடு வந்திருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. லூர்து அத்தை தனியாகக் கோயிலுக்கு ஓடிப் போய், மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். பங்குத்தந்தை சேலம் போயிருந்தார். கோயில்பிள்ளை கயிற்றைப் பிடித்தார்.

அடித்துக்கொண்டே இருந்தார். ஊர் தன் வேலையைப் பார்த்தது. எங்கள் வீட்டில் களி இறங்கி, ஆறி, சாப்பிட்டும் முடித்தோம். "வாக்குக் குடுத்துட்டு எப்புடிப் போடறாரு பாரு. இந்த வருசம் அரூர் செட்டுதான்" என்றார் அம்மா. நான் பள்ளிக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, நடுத்தெருவில் சின்னப்பன் தாத்தா தடியால் ஒவ்வொரு வாசலிலும் தட்டிக்கொண்டு வந்தார்.

"டேய், அல்லாரும் செத்துட்டீங்களாடா? மணி அடிக்குது, ஒருத்தனும் வெளிய வரல?"

"அது மணி இல்லீங்க தாத்தா. சவரியண்ணன் கேசட்டு" என்றார் அம்மா.

தாத்தா மடியில் கையை விட்டு எடுத்து நீட்டினார். ஐந்து பேரும் முதுகைக் காட்டி நிற்கிற அதே அட்டை. "கேசட்டு இதா இருக்குது. என் தலகாணிக்குக் கீழதான் இருந்துச்சு. அப்ப அங்க அடிக்கறது என்னா?"

"வேற வாங்கியிருப்பாருங்க."

"வாங்க மாட்டன்னு சொன்னான் இல்ல?" தாத்தா அம்மாவையே பார்த்தார். "மொதல்ல நாந்தான் செத்துட்டனோன்னு தொட்டுப் பாத்துக்கிட்டன். நானில்ல. அப்ப வேற யாரோ. வாங்க, போயிப் பாக்கலாம்."

பத்துப் பதினைந்து பேர் அவர் பின்னால் கோயிலுக்குப் போனோம். ஆலமரத்தில் குழாய் எதுவும் இல்லை. கோயில்பிள்ளை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களைப் பார்த்ததும் அவர் கயிற்றை விட்டார்.

"எவ்வளவு நேரமாங்க அடிக்கறது? கையே போயிடுச்சு. ஒருத்தரையும் காணம்."

"யாருய்யா?" என்று தாத்தா கேட்டார்.

"சவரிங்க. நம்ம சவரி."

அம்மா கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னப்பன் தாத்தா கேசட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "படுபாவி. வாங்கலியேடா" என்றார். சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

லூர்து அத்தை வாசற்கதவைத் திறந்து வைத்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மாமா பாயில் கிடந்தார். அருகில் சுற்றாத ஒயர் குவியலாக இருந்தது. அத்தை அழவில்லை. கூட்டமாக வந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மணி கேக்கலீங்களா?" என்றார்.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் அன்று அந்த வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது.

மாலையில் அடக்கம். நம் ஊரில் எந்தச் சாவுக்கும் குழாய் கட்டித் துக்கப் பாடல்கள் போடுவது வழக்கம். அன்று போட ஆள் இல்லை. அவருடைய ஆம்ப்ளிஃபையரில் எந்தப் பொத்தான் எதற்கு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை; யாருக்கும் கற்றுக் கொடுக்காமல், யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. நம் ஊரில் மைக் செட் இல்லாமல் நடந்த ஒரே விசேஷம் மைக் செட்காரரின் அடக்கமாகத்தான் இருக்கும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு சின்னப்பன் தாத்தா கேசட்டை அவருடைய கையருகில் வைக்கப் போனார். லூர்து அத்தை தடுத்தார்.

"வேணாங்க தாத்தா. உள்ள போட்டா அங்கயும் டெஸ்டு பண்ணிக்கிட்டு, அல்லாரையும் எழுப்பி உட்ருவாரு."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகுதான் அத்தைக்கு அழுகை வந்தது. தாத்தா கேசட்டை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். இன்றும் அது அவருடைய தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது, வெயில் படாமல்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காகப் பிடித்ததாக எழுத மாட்டேன். எழுதினால் அவரே சிரிப்பார். போன வாரம் கீழத்தெருவில் ஒரு பாட்டி இறந்தபோது மணி அடித்தது. முதல் அடிக்கே ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. அம்மா கரண்டியோடு வந்து நின்றார். சின்னப்பன் தாத்தா வாசலில் நின்று தலையணையைத் தொட்டுவிட்டு வந்ததாகச் சைகை செய்தார். அடி ஓய்ந்து, நடுக்கமும் ஓய்ந்து, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் யார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். நான் அந்த அடிக்குப் பின்னால் மற்ற வாத்தியங்களும் முணுமுணுக்கிற குரலும் வருகின்றனவா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பிடிக்காத ஒரு பாட்டு எப்போது தொடங்கும் என்று என்னைத் தெருவில் நிற்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அது தொடங்கவில்லை. மணிதான் மறுபடி அடித்தது.